லினோலியத்துக்குக் கீழே ஒரு ஜூலை

என் முழங்கால்கள் இரண்டும் என்னைவிடப் பத்து வயது மூத்தவை. தரை போடுகிற வேலையில் முப்பது வருடம் மண்டியிட்டுக் கிடந்தால் அப்படித்தான். அவ்வளவு நேரமும் ஒரு தேவாலயத்தில் மண்டியிட்டிருந்தால் இந்நேரம் என்னைப் புனிதராக்கியிருப்பார்கள். லுசேர்ணுக்குப் பக்கத்தில், எம்மன்புரூக்கேயில், ஆறு பேர் மட்டும் வேலை செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் பழைய தரையைக் கழற்றிப் புதிய தரையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வயது ஐம்பத்தொன்பது. ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது என்று நினைத்தாலே அலுப்பு வருகிறது.

போன வருடம் முதலாளி எனக்குத் துணையாக ஒரு மட்டக்களப்பு ஆளைத் தந்தார். நாற்பத்திரண்டு வயது. ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அங்கேதான். இங்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுத்து மூன்று வருடமாக முடிவுக்குக் காத்திருந்தார். அதிகம் கதைக்க மாட்டார். கதைத்தால் போனேன், வந்தேன் எல்லாம் ‘போன’, ‘வந்த’ என்று நிற்கும், இரண்டு வசனத்துக்கு ஒரு ‘மறுகா’ வரும். "பிறகு எண்டு சொன்னால் வாய் சுளுக்குமோ?" என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த வசனத்தையும் மறுகாவில்தான் தொடங்குவார்.

இந்த வருடம் வசந்தகாலத்தில் அவருக்கு முடிவு வந்தது. கடிதத்தை உறையோடு என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று நாங்கள் நாலாம் மாடிக்குக் கையால் பலகை ஏற்றியிருந்தோம். நான் சோபாவில் காலை நீட்டி, முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தேன். கடிதம் ஜெர்மன் மொழியில் தடிப்பாக இருந்தது. முதல் பக்கத்தை வாசித்தேன், கடைசிப் பக்கத்தை வாசித்தேன், நடுவில் இருந்ததைப் புரட்டினேன்.

"நெகட்டிவ்தான் தம்பி. உம்மடை கதையை நம்பேல்லை எண்டு எழுதியிருக்கினம்" என்றேன்.

"வேற ஒண்டும் எழுதல்லையா அண்ணன்?"

"வேறை என்னத்தை எழுதுவினம். எல்லாருக்கும் எழுதுற அதே புராணம்தான்."

தொண்ணூறுகளில் இருந்து எத்தனை பேருக்கு எத்தனை கடிதம் வாசித்துச் சொல்லியிருப்பேன். ஜெர்மன் தெரிந்த அண்ணை என்று பெயர் எடுத்துவிட்டால் பிறகு தப்ப முடியாது. ஆரம்பத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். அந்த மனிதன் எப்போது எனக்குள் செத்தான் என்று தெரியவில்லை. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவருடைய வழக்கறிஞரும் வெல்லுகிற வாய்ப்புக் குறைவு என்று தனியாக எழுதியிருந்தார். நான் அதற்கு ஆமாம் போட்டேன். வீணாக அலைய வேண்டாம், மனதைத் தேற்றிக்கொண்டு போகிற வழியைப் பாரும் என்றேன். பெரிய மனிதன் மாதிரிச் சொன்னேன்.

அவர் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். மனைவிக்குத் தொலைபேசியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். சோறு சமைக்கிற குக்கரை அறையில் கூட இருந்தவருக்குக் கொடுத்தார். ஒருநாள் மதியம், வேலைக்கு நடுவில், மூத்தவளுக்குக் காலில் போடச் சப்பாத்து வாங்க வேண்டும், இங்கத்தைய அளவும் ஊர் அளவும் ஒன்றா என்று என்னிடம் கேட்டார். அவரைப் பிடித்து இரண்டு நாள் அடைத்து வைத்து விசாரித்தவர்கள் அதே ஊரில் அதே பாதையில் இன்னும் போய்வந்துகொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். நான் சப்பாத்து அளவைப் பற்றி மட்டும் பதில் சொன்னேன்.

அந்த நாட்களில்தான் லுசேர்ணில் ஒரு பழைய வீடு வந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடி. படுக்கையறையில் கம்பளம், அதற்குக் கீழே தடித்த லினோலிய விரிப்பு. லினோலியத்தைக் கத்தியால் கீறி இழுத்தபோது அடியில் முழுக்கப் பத்திரிகை. பலகைத் தரையின் குளிர் ஏறாமல் இருக்க அந்தக் காலத்தில் இப்படி விரிப்பார்கள், நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். சுரண்டி அள்ளி முற்றத்தில் நிற்கும் குப்பைத் தொட்டியில் போடுவதுதான் வழக்கம்.

மட்டக்களப்பு ஆள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன, வாருமன்" என்றேன்.

"எழுத்து அண்ணன்" என்றார்.

காகிதத்தில் கால் பட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற பழக்கம். எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. இந்த வேலையில் அதைப் பார்த்தால் மாலைவரை குனிந்து நிமிர்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அவர் பாதணியைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் இருந்து ஒவ்வொரு தாளாக இரண்டு கையாலும் எடுத்து ஜன்னலடியில் அடுக்கத் தொடங்கினார். எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு மணி நேர வேலையை மூன்று மணி நேரம் ஆக்குகிறார் என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் ஊருக்கு அனுப்பப்படப் போகிற மனிதரை எதைச் சொல்லி அவசரப்படுத்துவது. நானும் மறுபக்கத்தில் இருந்து எடுத்தேன்.

ஒன்பது மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தபோது அவர் திகதி வரிசையாக அடுக்கி முடித்திருந்தார். எண்கள் மட்டும் அவருக்கு விளங்கும். எல்லாம் ஒரே மாதம், 1938 ஜூலை. யாரோ ஒரு மாதப் பத்திரிகையைச் சேர்த்துவைத்துத் தரை போட்டிருக்கிறார்கள்.

"என்ன எழுதியிருக்கு அண்ணன்?"

பழைய ஜெர்மன் எழுத்து, மூலைக்கு மூலை கொக்கியும் வளைவுமாக இருக்கும். இந்த நாட்டுப் பிள்ளைகளே திணறுவார்கள். வேறு நாளாக இருந்தால் தெரியாது என்று கையை விரித்திருப்பேன். அன்று என்னவோ, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு பணக்கார அமெரிக்கர் நாலு நாள்கூட ஆகாமல் விமானத்தில் உலகத்தைச் சுற்றி வந்திருந்தார். ஸ்பெயினில் ஆற்றைக் கடந்து சண்டை. ஐகர் மலையின் வடக்குச் சுவரில் நாலு பேர் முதல்முதலாக ஏறி உச்சிக்குப் போயிருந்தார்கள். இங்கிலாந்து அரசர் பாரிஸுக்குப் போய்வந்தார். நடுநடுவே கோடை உடுப்பு விளம்பரம், ஹோட்டல் விளம்பரம். உலகம் தன்பாட்டுக்கு இருந்தது. மலை ஏறிய செய்தி அவருக்குப் பிடித்துக்கொண்டது, இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

மாத நடுப்பகுதித் தாள்களில் இன்னொரு செய்தி நாள்தோறும் வந்திருந்தது. ஜெனீவா ஏரியின் மறுகரையில், எவியான் என்ற ஊரில், ஒரு ஹோட்டலில் முப்பத்திரண்டு நாடுகள் கூடியிருந்தன. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இருந்து தப்பி ஓடுகிற யூதர்களை யார் எடுப்பது என்று பேச. ஒவ்வொரு நாடாக எழுந்து, கவலையாக இருக்கிறது, ஆனால் எங்களிடம் இடமில்லை என்றது. ஏரிக்கு இந்தப் பக்கம், நாங்கள் இருக்கிற இந்த நாடும், தன்னால் கடந்துபோகிறவர்களுக்கான நாடாக மட்டும்தான் இருக்க முடியும் என்றது. நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். இடையில் என் குரல் எனக்கே பிடிக்காமல் போனது.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "மறுகா அந்தச் சனம் எங்க போன?"

"அடுத்த மாசப் பேப்பர் இதுக்குள்ளை இல்லை" என்றேன்.

எனக்குத் தெரியும். அடுத்த மாதம் இந்த நாடு எல்லையை மூடியது. என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் சொன்னது.

அவர் அடுக்கின் கடைசித் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அந்த மாசம் அமாவாசை எப்ப எண்டு கிடக்கா?" என்று கேட்டார்.

"அது உமக்கு ஏன்?"

"எங்கட கோயில் தீர்த்தத் திருவிழா ஆடி அமாவாசையிலதான். இந்த வருசம் அதுக்கு முதல் போய்ச் சேந்திருவன் எண்டு எண்ணிக்கொண்டிருந்த. அதான் சும்மா கேட்ட."

பத்திரிகையின் ஓரத்தில் சூரியன், சந்திரன் நேரமெல்லாம் போட்டிருந்தது. ஒரு கறுப்பு வட்டம். "மாசக் கடைசியிலை வருது" என்றேன்.

"ஒவ்வொரு வருசமும் மாறும். என்னைப் பிடிச்ச வருசம் ஆகஸ்டில வந்த. அதுக்கு முதல் வருசம் ஜூலை."

"உம்மைப் பிடிச்சது தீர்த்தம் நடந்த அண்டைக்கோ?"

"ஓம். முதல் விசாரணையில அப்படித்தான் சொன்ன. அது எந்த மாசம் எண்டு கேட்டாங்க. தீர்த்தம் எண்டா ஜூலைதானே எண்டு நினைச்சு ஜூலை எண்ட. மறுகா மனுசி பஞ்சாங்கத்தைப் பாத்து, அந்த வருசம் ஆகஸ்ட் எண்டு சொன்னா. ரெண்டாவது விசாரணையில ஆகஸ்ட் எண்டு சொன்ன."

"முதல் பிழையாச் சொல்லிப்போட்டன், திருத்துறன் எண்டு சொன்னீரோ?"

"இல்ல. சரியானதைச் சொன்னா போதும்தானே."

எங்கள் ஆட்களைக் கேட்டால் கல்யாணம் கொடியேற்றத்துக்கு முதல், செத்தவீடு தேருக்கு மறுநாள் என்று கச்சிதமாகச் சொல்வார்கள். அதை நாட்காட்டியில் வைத்துக் கேட்டால்தான் வாயில் வந்த மாதத்தைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான். அன்று கடிதத்தைப் புரட்டும்போது ‘ஜூலை’ என்ற சொல்லும் ‘ஆகஸ்ட்’ என்ற சொல்லும் கண்ணில் பட்டது ஞாபகம் வந்தது. பட்டதும் கடந்து போனதும்.

"அந்தக் கடிதம் எங்கை?" என்று கேட்டேன்.

"அறையில கிடக்கு."

மாலையில் அவருடைய அறைக்குப் போய் வாங்கிவந்து, மனைவியிடம் சாப்பாடு பிறகு என்று சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்தேன். ஆறாம் பக்கத்தில் இருந்தது. தன் வாழ்க்கையில் நடந்த இவ்வளவு பெரிய சம்பவத்தின் மாதத்தையே விண்ணப்பதாரர் மாற்றிச் சொல்கிறார், ஆகவே மற்றதையும் நம்ப முடியாது என்று எழுதியிருந்தார்கள். ஏழாம் பக்கமும் எட்டாம் பக்கமும் அந்த ஒன்றின்மேலேயே கட்டியிருந்தன. எல்லாருக்கும் எழுதுகிற புராணம் இல்லை அது. ஒரு மனிதருக்காக, ஒரு மாதத்தைப் பற்றி எழுதியது. ஒரு கேள்வியில் தீர்ந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க ஆறாம் பக்கத்தை வாசித்திருக்க வேண்டும். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. விரல்விட்டு எண்ணினேன், முப்பது நாளில் ஆறு நாள் மீதி இருந்தது.

மறுநாள் காலையில் முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டேன். அவரிடம் பதினைந்து வருடத்தில் நானாகக் கேட்ட முதல் லீவு, முழங்காலா என்று கேட்டார், ஆமாம் என்றேன். வழக்கறிஞர் இளம்பெண். நாங்கள் சொன்னதைக் கேட்டு முதலில் விளங்காமல் பார்த்தார். கோயில் திருவிழா எப்படி மாதம் மாறும் என்று கேட்டார். சந்திரனை வைத்து எண்ணுவது, உங்கள் ஈஸ்டர் மாதிரி என்று சொன்ன பிறகுதான் பேனையை எடுத்தார். இரண்டு வருடத்துப் பஞ்சாங்கப் பக்கங்களையும் ஊரில் இருந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மட்டக்களப்பு ஆளின் மனைவி அன்றே அனுப்பினார். கோயில் நிர்வாகத்தின் கடிதம் மூன்று நாள் இழுத்தது. மேல்முறையீடு தபாலில் போனது கடைசி நாளுக்கு முதல் நாள். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. வரும்போது எப்படி வரும் என்றும் தெரியவில்லை. சரியான மாதத்தைச் சொன்னவர்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

தபால் போட்ட அன்று இருவரும் எம்மன்புரூக்கேக்கு பஸ்ஸில் திரும்பினோம். அவர் ஜன்னல் பக்கம் இருந்தார். நான் அந்த ஐந்து நாளும் அதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். வழக்கறிஞரிடம்கூட, இப்போதுதான் கவனித்தோம் என்று பன்மையில் சொல்லியிருந்தேன். அவர் நடுவில் ஒருதரம் என்னைப் பார்த்து, "நீங்க இல்லாட்டி என்ன செஞ்சிருப்பன் அண்ணன்" என்றார். அதற்குப் பிறகும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"தம்பி, அண்டைக்கு நான் உம்மடை கடிதத்தை முழுக்க வாசிக்கேல்லை."

அவர் வெளியே பார்த்துக்கொண்டே, "தெரியும் அண்ணன்" என்றார்.

"என்னெண்டு தெரியும்?"

"பதினொரு பக்கம். வர முன்னம் நான் எண்ணின. நீங்க நாலு தரம்தான் திருப்பின."

பஸ் தொழிற்சாலைப் பக்கம் திரும்பியது. இருபத்துநாலு நாள் அதைத் தெரிந்துகொண்டுதான் குக்கரைக் கொடுத்திருக்கிறார், மகளின் சப்பாத்து அளவை என்னிடம் கேட்டிருக்கிறார்.

"அப்ப ஏன் கேக்கேல்லை? முழுக்க வாசியுங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன், யார்மேல் கோபம் என்று தெரியாமல்.

"நீங்க தைலம் பூசிக்கொண்டு இருந்தீங்க" என்றார். "அவ்வளவு களைச்சுப்போய் இருக்கிற ஆளிட்ட மறுகா எப்படிக் கேக்கிற?"