மதினியின் போனில் இருந்த அரிவாள்

சின்னமனூர் மண்டியில் அன்று காலை நாழிப்பூவன் வாழைத்தார் ஏலம் போய்க்கொண்டிருந்தது. ஏலம் நடக்கும்போது நான் போனை எடுப்பதில்லை. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் விடாமல் மூன்று தடவை அடித்தார். மூன்றாவது தடவை எடுத்தேன்.

"உங்க மதினி போயிட்டாப்பா. காபி போட எந்திரிக்கலையேன்னு போய் எழுப்புனேன். எந்திரிக்கல."

அவ்வளவுதான் பேசினார். மண்டி வைத்த நாளிலிருந்து ஏலத்தைப் பாதியில் விட்டு நான் இறங்கியது அன்று ஒரு நாள்தான்.

பவுன்தாயி மதினி என் அண்ணனின் மனைவி. அரசு சுகாதார நிலையத்தில் கிராம நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மார்க்கையன்கோட்டையிலிருந்து எங்கள் அனுமந்தன்பட்டி வரைக்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் ஊசி அவர் போட்டதுதான். அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் நடுநடுவே சிரிப்பார்கள். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நான் வாழைக்காய் வியாபாரி, எழுதிப் பழக்கமில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடிக்கலாம், யாராவது எழுத வேண்டும் என்றபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மதினியோடு அதிகம் சண்டை போட்டவன் நான்தான் என்பதால் இருக்கலாம்.

அவர் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். பெரிய சட்டம். அதில் பாதிக்கு எங்கள் தாத்தா வீரணனும் அவர் வீட்டாரும் நிற்பார்கள். மீதிப் பாதியில் ஒரு முருகன் படம் ஒட்டியிருக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய எங்களுக்கு அதில் ஒன்றும் தோன்றியதில்லை.

"மாமா, இந்த முருகன் எப்ப நம்ம ஆளுக கூட நின்னு போட்டோ எடுத்தாரு?"

புது மருமகள் மாமனாரிடம் இப்படிக் கேட்கிற வீடு இல்லை எங்கள் வீடு. அம்மா உள்ளே போய்விட்டார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் வாசல் தாண்டும்போது அவர் உதட்டோரம் சிரிப்பு இருந்தது, நான் பார்த்தேன். அந்தப் பாதியில் யார் இருந்தார்கள் என்று அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார், சண்டை போட்டுக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். பேர்கூடத் தெரியாது.

அப்போது நான் மண்டியில் தார் இறக்கும் சுமையாள். சட்டையெல்லாம் வாழைக்கறை. விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிக் கேட்டால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார். மதினி மாற்ற மாட்டார். "எங்க கொழுந்தனார் வாழைக்கா யாவாரி" என்பார். நான் சொந்தமாக ஒரு தார்கூட வாங்கியிராத காலம் அது. ஒரு நாள், "ஏன் மதினி பொய் சொல்றீக?" என்று கேட்டேன். "பொய்யா? நான் கொஞ்சம் முன்னாடியே சொல்றேன், அம்புட்டுதான். நீங்க வெரசா வந்து சேருங்க" என்றார். அந்தச் சொல்லுக்காகவே ஓடினேன் என்று சொன்னால் மிகையில்லை.

அப்பா கடைசியாகப் படுத்தபோது கூடவே இருந்து பார்த்தவர் மதினிதான். எங்களிடம் சொல்லாததை அப்பா அவரிடம் சொல்லியிருக்கிறார். தாத்தாவின் தம்பி பேர் மூக்கையன். ஒரு மாசி சிவராத்திரியில் சாமிப் பெட்டியை யார் தூக்குவது என்று அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்து, அதோடு முறிந்தது உறவு. எங்கள் குலசாமியின் ஆதிக் கோயில் ராமநாதபுரம் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் இருக்கிறது. இவ்வளவும் சொல்லி, அந்தக் கண்மாயின் பேரையும் சொல்லிவிட்டு அப்பா போனார். "சட்டத்துல போன பாதி எங்கிட்டு இருக்குன்னு பாக்காம எனக்கு மனசு ஆறாது" என்று மதினி அடிக்கடி சொல்வார். எனக்கு அது வேலையில்லாத பேச்சாகத் தெரிந்தது, காதிலேயே வாங்கவில்லை. போனவர்கள் போனவர்கள்தானே?

ஓய்வு பெற்ற பிறகு கூட வேலை பார்த்த நர்சம்மாக்களோடு ஊர் ஊராகக் கிளம்பினார். காசி, பூரி, அசாம் வரைக்கும் போனார். போகிற இடத்திலிருந்தெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் வந்து கொட்டும். கோபுரத்தை எடுக்க மாட்டார். கோபுரத்துக்கு எதிரே இட்லி ஊற்றுகிறவளை எடுப்பார். வாசலில் என்ன கோலம், குழந்தைக்கு எப்படித் தொட்டில் கட்டுகிறார்கள், அதெல்லாம் வரும். எனக்கென்று தனியாக வாழைக்காய்ப் படம் வரும்: "கொழுந்தனாரே, அசாம்ல தார இப்பிடிச் சைக்கிள்ல கட்டித் தொங்கவிட்டுக் கொண்டு போறாக. நசுங்கவே இல்ல. பாத்துக்கங்க." ஏலம் நடக்கிற நேரத்தில் என் போன் இந்தப் படங்களால் நிறைந்து திணறி நின்றுவிடும். ஒரு நாள் ஆத்திரத்தில் அந்தக் குழுவின் சத்தத்தை அணைத்து வைத்தேன். பிறகு அதைத் திறந்தே பார்ப்பதில்லை. இதை அவரிடம் நான் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ராமேஸ்வரம் போன தடவை, கூட வந்தவர்களைக் கடற்கரையில் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அப்பா சொன்ன கண்மாயைத் தேடிப் போய்விட்டார். கோயிலைக் கண்டுபிடித்தார். நடுவில் எங்கள் அய்யனார், வாசலில் காவலுக்குக் கருப்பசாமி. கருப்பு முன்னால் நேர்த்திக்கடனாக ஊன்றிய அரிவாள்கள் வரிசையாக நின்றன. அதில் துருவேறிய ஒரு அரிவாளில் புள்ளிப் புள்ளியாகப் பேர் அடித்திருந்தது: அனுமந்தன்பட்டி சடையாண்டி மக்கள் வீரணன், மூக்கையன். சண்டைக்கு முன்னால் இருவரும் சேர்ந்து வைத்தது. பிற்பாடு சின்னவர் மட்டும் தனியாக வந்து, கருப்பின் காலடியில் ஒரு பிடி மண் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனார், எங்கேயோ அந்த மண்ணை வைத்துத் தனிக்கோயில் கட்டியிருப்பார் என்று பூசாரி வழிவழியாகக் கேட்டதைச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மட்டும் நூறு படமாவது குழுவில் போட்டிருப்பார். நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து என் மகன் பிரபுவுக்குப் பெண் தேடினோம். எங்கள் பக்கம் ஜாதகத்துக்கு முன்னால் கேட்பது குலசாமியை. ஒரே சாமி என்றால் பங்காளி, பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி முறை, பேச்சு அத்தோடு நின்றுவிடும். கம்பத்தில் ஒரு வரன் வந்தது. கேரளத்துக் கட்டப்பனையில் ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம், டிராக்டர் உதிரிபாகக் கடை, ஒரே பெண் அனிதா. குலசாமி கருப்பு என்றார்கள். எங்களுக்கு அய்யனார். சரியாக வந்தது. எனக்குப் பரம திருப்தி. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தக் கடை இருந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா சசி தங்கமான மனிதர். மலையில் வளர்ந்த பழக்கத்தில் என்னைச் 'சேட்டா, சேட்டா' என்றே கூப்பிட்டார். பேச்செல்லாம் முடிந்தது. பூ வைத்துவிடலாம் என்று தட்டை எடுக்கும் நேரத்தில் மதினி கேட்டார்.

"கருப்பு எந்தக் கோயிலு பிடிமண்ணுங்க?"

"அது அறியில்லங்க. எங்க தாத்தா மண்ண மடியில கட்டி மலைக்குக் கொண்டு வந்தாகன்னு சொல்வாக."

"தாத்தா பேரு?"

"மூக்கையன்."

"பூர்வீகம்?"

"மலைக்குக் கீழ, தமிழ்நாட்டுலன்னு மட்டுந்தான் சொல்வாராம். ஊரக் கேட்டா கோவம் வந்துரும். நமக்குக் கூடப்பொறந்தவுக யாரும் இல்லேன்னு சொல்லிட்டாராம்."

மதினி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தள்ளித் தள்ளி எதையோ தேட ஆரம்பித்தார். எனக்கு எரிச்சல். "இங்கன வந்துமா படம்?" என்றேன். அவர் போனை என் பக்கம் திருப்பினார். அரிவாள். பேரைப் படித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூக்கையன் என்று நாட்டில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று மனசு உடனே வாதாடியது. அவர் காதருகே குனிந்து, "மதினி, போன உள்ள வைங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

நான் அப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மதினி கோபப்படவில்லை. என்னைவிடச் சின்னக் குரலில் சொன்னார்: "அண்ணன் தங்கச்சியா இருந்தா என்ன செய்வீக? இத மறச்சு வச்சுக்கிட்டு அந்தப் பிள்ள கையால நான் காபி குடிக்கவா?"

எழுந்து போய் போனைச் சசியிடம் கொடுத்தார். சசி எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தார். "சடையாண்டி மக்கள்..." அங்கேயே நிறுத்தினார். "எங்கப்பா பேரு சடையாண்டி. தாத்தா தன்னோட அப்பா பேர வச்சாருன்னு சொல்வாக" என்றார். மீதியையும் வாசித்துவிட்டு, "இந்த வீரணன் யாரு?" என்று கேட்டார்.

"இவருக்குத் தாத்தா" என்று மதினி என்னைக் காட்டினார்.

அதற்குள் உள்ளேயிருந்து அனிதா காபித் தட்டோடு தலையைக் குனிந்தபடி வந்து நின்றுவிட்டாள். மதினிதான் தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"ஆத்தா, நிமிந்து பாரு. இவன் ஒனக்கு அண்ணன் முறை."

அந்தப் பெண் பிரபுவைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள். "அப்ப காலையில இருந்து இந்தப் பட்டுச்சேலையோட நான் பட்டது தெண்டமா?" என்றாள். பிரபுவின் முகம் செவ்வாழை நிறத்துக்குப் போய்விட்டது. முதலில் சிரித்தது மதினிதான், பிறகு வீடே சிரித்தது. "அண்ணன்னா எனக்குச் சீர் உண்டுல்ல, பெரியம்மா?" என்று அவள் விடாமல் கேட்க, "கறாரா வாங்கிப்புடு. அவுக அப்பா லேசுல காச அவுக்க மாட்டாரு" என்று எனக்கும் ஒரு குத்து விழுந்தது.

சசி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருந்து சாப்ட்டுத்தான் போகணும், அண்ணே" என்றார். சேட்டா போய்விட்டது. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "சாம்பாரக் கெடக்கட்டும்னு வையி. அது சம்பந்திக்கு வச்சது. பங்காளிக்குக் கறி எடுத்துட்டு வரேன்."

சம்பந்தம் பேசப் போய்ப் பங்காளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் கம்பம் பள்ளத்தாக்கிலேயே நாங்களாகத்தான் இருப்போம். சாமி பேரைச் சொல்லிப் பிரிந்து போனதால் வந்த வினை அது. காவலுக்கு வைத்த குலசாமிக் கேள்வியே எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. மதினி மட்டும் படத்தோடு உட்கார்ந்திருக்காவிட்டால் நான் என் மகனுக்கு என்ன செய்திருப்பேன்? அன்று வீடு திரும்பி, அணைத்து வைத்திருந்த அத்தனை படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன்.

வீட்டுச் சட்டத்தையும் கழற்றினோம். முருகனுக்குப் பின்னால் வெறும் அட்டைதான் இருந்தது. சசி வீட்டிலும் பழைய படம் ஏதுமில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மதினிக்கு இல்லை. "இருக்கட்டும். இத்தன வருசமும் அந்த எடத்த வேற யாருக்கும் விடாம முருகன்தான் பாத்துக்கிட்டாரு" என்று அவரைத் துடைத்துப் பூசை அறையில் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த சிவராத்திரிக்கு இரண்டு வீட்டாரும் இரண்டு வேனில் கண்மாய்க்கரைக்குப் போனோம். பெட்டியை யார் தூக்குவது என்ற பேச்சு வருமுன்பே மதினி ஒரு பக்கம் அண்ணனையும் ஒரு பக்கம் சசியையும் பிடிக்க வைத்துவிட்டார். அண்ணன் குட்டை, சசி நெட்டை. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தே போனது. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

பிரபுவுக்குப் பண்ணைப்புரத்தில் பெண் அமைந்தது. இந்தத் தடவை குலசாமியை மட்டும் கேட்டதோடு விடவில்லை, நாலு தலைமுறைப் பேரையும் மதினி விசாரித்துவிட்டுத்தான் தலையாட்டினார். எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் அவன் அக்கா தங்கச்சி போடுவது. பிரபுவுக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. மேளம் கொட்டும்போது அனிதா முன்னால் வந்து, அந்த இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டாள். மணமகளாகப் பார்க்கப் போன பெண் நாத்தனாராக நின்றாள். மதினி மேடை ஓரத்தில் போனோடு இருந்தார். "எத்தன படம் எடுத்தீக மதினி?" என்று கேட்டேன். "ஒண்ணுதான். போதும்" என்றார். வாழ்க்கையில் அவர் ஒரு படத்தோடு நிறுத்தியது அன்றைக்கு மட்டும்தான்.

அவர் உடம்புக்கு முடியாமல் படுத்ததில்லை. போன மாதம்கூடக் குமுளிப் பக்கம் சசி குடும்பத்தோடு போய்விட்டு வந்தார். ஒரு மனுசிக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது என்று யாரைப் பற்றியாவது துணிந்து சொல்லலாம் என்றால் இவரைப் பற்றிச் சொல்வேன். அதனால் இதை எழுதும்போது எனக்குப் பெரிதாக அழுகை வரவில்லை. மண்டியில் யாராவது புதுவிதமாகத் தாரைக் கட்டினால் மட்டும் கை தானாகப் போனைத் தேடுகிறது.

அடக்கத்தன்று மத்தியானம், வழக்கப்படி, "பங்காளிக எல்லாம் வாங்கப்பா, நீர்மாலைக்கு" என்று ஊர்ப் பெரியவர் கூப்பிட்டார். பங்காளி வீட்டார் குடத்தோடு வாய்க்காலுக்குப் போய், தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடித்து, அதன் நிழலில் நடந்து வந்து அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டி அனுப்புவதுதான் கடைசி மரியாதை. எங்கள் அப்பா போனபோது நாங்கள் ஐந்தே பேர் போனோம். வேட்டியில் பாதி சும்மா தொங்கியது. இப்போது தெருவில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்தார்கள். கம்பத்திலிருந்து ஒரு வேன், கட்டப்பனையிலிருந்து ஒரு ஜீப். சசி வாய்க்காலில் இறங்கி ஒவ்வொரு குடமாக முக்கிக் கொடுத்தார். வேட்டியை விரித்தோம். பாதி ஆட்கள் வெயிலில் நின்றார்கள். சசி தோளில் கிடந்த வேட்டியை எடுத்து எங்கள் வேட்டியின் முனையோடு சேர்த்து முடிந்து நீட்டினார். அண்ணன் அந்த முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

மதினி, வேட்டி பத்தல. ரெண்டு வேட்டியக் கட்டித்தான் ஒங்களுக்குத் தண்ணி கொண்டாந்தோம். நெறஞ்ச மனசோட போயிட்டு வாங்க.