ஃபிரிட்ஜில் வைத்துவிட்ட நான்கு பைகள்

தேவனுடைய பிள்ளைகளே, ஒன்பது வயதுக் குழந்தை ஒன்றின் உயிருக்கு உலை வைத்தவள் உங்கள் முன் நிற்கிறேன்.

எண்பத்து நாலாம் வருஷம், ஜூன் மாதம். அப்போது நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்த வங்கியில் டெக்னீஷியன். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்யும் முனுசாமி தன் மகள் செல்வியைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். இரத்தப் புற்றுநோய். மூக்கில் வந்த இரத்தத்தைத் துணி அடைத்துத்தான் நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் காலையில், இரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் ஏற்றியே ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா. முனுசாமி தன்னோடு வேலை செய்கிற நாலு பேரைக் கூட்டி வந்தார். நாலு பேரும் கொடுத்தார்கள்.

கொடுத்த இரத்தத்தை மெஷினில் மெதுவாகச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கும். மேலே நிற்கும் மஞ்சள் நீரை ஒட்டியிருக்கிற சின்னப் பைக்குள் பிழிந்துவிட்டு, மறுபடி வேகமாகச் சுற்ற வேண்டும். அப்போது படிவதுதான் பிளேட்லெட். சிவப்பை ஃபிரிட்ஜில் வைக்கலாம். பிளேட்லெட்டை வைக்கவே கூடாது. வெளியே, ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் மூன்று நாள்தான் தாங்கும். குளிர் பட்டால் பாழ்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, சபையில் உபவாச ஜெபம். நேரமாகிவிட்டது என்று பறந்தேன். சிவப்புப் பைகளோடு அந்த நாலு சின்னப் பைகளையும் சேர்த்து ஃபிரிட்ஜில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். சாயங்காலம் செல்விக்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்தேன்.

காலையில் கதவைத் திறந்ததும் அந்தச் சின்னப் பைகளைக் கண்டு ஒன்றை வெளியே எடுத்தேன். நல்ல பையை வெளிச்சத்தில் பிடித்து ஆட்டினால் உள்ளே பட்டு நூல் சுழல்வது போலத் தெரியும். இதில் வெறும் கலங்கல்தான் இருந்தது. வார்டிலிருந்து ஆள் வந்துவிட்டார். செல்விக்கு மறுபடி இரத்தம் வருகிறதாம். பைகளைக் கைக்குள் வைத்துச் சூடாக்கினேன். "ஆண்டவரே, இது யாருக்கும் தெரிய வேண்டாம்." அதுதான் என் ஜெபம். நானே எடுத்துக்கொண்டு போனேன்.

செல்வியின் அம்மாவுக்கு முந்தானை முழுக்க இரத்தம். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வந்துடுச்சா சிஸ்டர்? உங்க கைய எடுத்து கண்ல ஒத்திக்கணும்."

என்னால் முடியவில்லை. டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் மேலதிகாரி தனியாகக் கூப்பிட்டார். "இன்னாம்மா நீ, வாய மூடிக்கினு இருந்தா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

முனுசாமி கத்தவில்லை. "குட்த்தவங்க மூணு மாசத்துக்கு மறுபடி குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் இப்ப யார் கால்ல போய் வுழுவேன்?" என்று மட்டும் கேட்டார். ஆம்பூர் பஸ் ஏறினார்.

முதலில் என் கையை நீட்டி இரத்தம் கொடுத்தேன். பிறகு சபைக்கு ஓடினேன். ஞாயிறு ஆராதனைக்காகப் பத்துப் பதினைந்து பேர் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் வாருங்கள் என்று கெஞ்சினேன். "ஜெபிக்கிறோம் சிஸ்டர்" என்றார்கள். ஒருவருக்குத் தலைச்சுற்றலாம். ஒருவருக்கு வீட்டில் விருந்தாளியாம். மண்டியிட்டு உருக்கமாகத்தான் ஜெபித்தார்கள். ஒரு கைகூட நீளவில்லை. திரும்பி வரும்போது ரோட்டில் அழுதுகொண்டே சொன்னேன்: "ஆண்டவரே, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும். அந்தப் பிள்ளைக்கு ஆள் அனுப்பும்."

மத்தியானம் முனுசாமி மூன்று பேரோடு வந்து இறங்கினார். வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தவர்கள். முழங்கை வரை சுண்ணாம்பு, மேலெல்லாம் தோல் நாற்றம். சபைக்கு வந்திருந்தால் கடைசி பெஞ்சைக் காட்டியிருப்போம். அவர்களில் ஒரு பாய் கேட்டார்: "நேத்து நாலு பேரு குட்த்தாங்களே, அது இன்னா ஆச்சு?"

முனுசாமி என்னைப் பார்த்தார். "கெட்டுப் போச்சாம் பாய்" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் என்னுடையதும் சேர்த்து நாலு புதுப் பைகளும் ஏறின. இரத்தம் நின்றது. செல்வி கஞ்சி கேட்டாள். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார்.

பத்து மாதம் கழித்து நோய் திரும்பியது. செல்வி போய்விட்டாள். அந்தப் பத்து மாதமும் பள்ளிக்கூடம் போனாளாம்.

இதை இங்கே முன்பும் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன், ஆளில்லாத வேளையில் கர்த்தர் மூன்று பேரை அனுப்பினார் என்று. என் தப்பைச் சொல்லவில்லை. இதே வாசலில் கெஞ்சியதையும் சொல்லவில்லை. நீங்களும் அல்லேலூயா என்றீர்கள். என் மேலும் உங்கள் மேலும் உள்ள கசப்பு இன்னும் தீரவில்லை.

ஆனாலும் அவரை நம்புங்கள். மறைக்கச் சொன்ன ஜெபத்தைத் தள்ளினார், பிள்ளைக்காகக் கேட்டதைக் கொடுத்தார். இரண்டுக்கும் ஸ்தோத்திரம். அன்றிலிருந்து, கொடுக்கலாம் என்கிற நாள் வரும்போதெல்லாம் நான் இரத்தம் கொடுக்கிறேன். இன்றைக்கும் ஆராதனை முடிந்ததும் அந்த இரத்த வங்கிக்குத்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் இடம் இருக்கும். வாருங்கள்.