மதினி கேட்ட சந்தேகமும் நான் சிரித்த சிரிப்பும்

2006-ம் வருடம். சென்னையில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஊர்ப் பொங்கலுக்கு நாலு நாள் லீவு போட்டுவிட்டு, சிவகாசிக்கும் ஆனைக்குட்டத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். அந்த நாலு நாளில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வரும்.

என் ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். இதயத்தில் பொருத்துகிற செயற்கை வால்வைச் சுற்றி ரத்தம் ஓடும்போது என்னென்ன விசைகள் உண்டாகின்றன என்று அளப்பது. நிஜ ரத்தமெல்லாம் கிடையாது. கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பெட்டி, நடுவில் வால்வு, ரத்தத்தின் பதத்துக்குக் கிளிசரின் கலந்த தண்ணீர், நிமிடத்துக்கு எழுபது தடவை அடிக்கும் ஒரு பம்ப். தண்ணீரில் தூசி மாதிரி துகள்களைக் கலந்து, லேசர் வெளிச்சத்தில் படம் எடுப்போம். துகள் எங்கே பாய்கிறது, எங்கே சுழல்கிறது என்று பார்த்தால் ரத்தம் எங்கே அதிகமாக உராயும், எங்கே தேங்கிக் கட்டியாகும் என்று கணக்குப் போட்டுவிடலாம். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பத்தாவது தாண்டியவர் யாரும் இல்லை. அடுத்தவர் காட்டில் களை வெட்டி, பிறகு பட்டாசுக் கம்பெனிக்குப் போன குடும்பம். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

அண்ணன் மனைவிக்கே, அதாவது என் மதினிக்கே, அப்படி ஒரு வால்வு வைத்திருந்தார்கள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தைக் கெடுத்துவிட்டது. முந்தைய வருடம் மதுரையில் ஆபரேஷன் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்தால் நெஞ்சுக்குள்ளிருந்து டிக் டிக் என்று கேட்கும். வீட்டில் மணி பார்க்க மதினியைக் கூப்பிடுங்கள் என்று அண்ணன் கேலி செய்வார். மதினி நன்றாகத் தேறி, வெடிக்குத் திரி செருகும் வேலைக்கு மறுபடி போய்க்கொண்டிருந்தார்.

பொங்கல் முடிந்த மறுநாள் காலையில், அடுப்படியில் இருந்தபோது மதினி தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டார்.

"எனக்குள்ள வச்சிருக்கிறது இரும்பா தாயி? எங்க கம்பெனி ரூமுக்குள்ள இரும்புச் சாமானே கொண்டு போகக் கூடாதும்பாக. இது ஓயாம உரசிக்கிட்டுக் கெடக்கே, தீப்பொறி கீப்பொறி வந்துராதுல்ல? கூட மூணு பொம்பளைக உக்காந்திருக்காக."

நான் சிரித்துவிட்டேன். லேசாக இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். போதாததற்கு அண்ணனையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தேன். மதினியும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

அதன் பிறகு ஆரம்பித்தது என் சொற்பொழிவு. அது இரும்பு இல்லை, ஒரு வகைக் கார்பன் என்றேன். வால்வின் இடுக்கில் ரத்தம் உராயும், அந்த விசையைத்தான் நான் அளக்கிறேன், அப்படி உராய்ந்தாலும் கட்டியாகும், தேங்கினாலும் கட்டியாகும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். உராய்வு என்றதும் மதினிக்கு முகம் வெளிறிவிட்டது. எங்கள் பக்கத்தில் வெடிமருந்து உராய்ந்துதான் ரூம் ரூமாகத் தரைமட்டமாகும். அந்த வார்த்தைக்கு அங்கே வேறு அர்த்தமே கிடையாது. அடடா, பயந்துவிட்டாரே என்று அவசரமாகச் சமாதானம் சொன்னேன்.

"பயப்படாதீக மதினி. அதுக்குத்தான் தெனமும் மாத்திரை போடுறீக. அது ரத்தத்தைத் தண்ணி மாதிரி ஆக்கிரும்."

உண்மையில் அந்த மாத்திரை ரத்தத்தைத் தண்ணீராக்குவது இல்லை. உறைவதைத் தள்ளிப் போடுகிறது, அவ்வளவுதான். பேச்சுவாக்கில் எல்லாரும் அப்படிச் சொல்வதை நானும் சொன்னேன். மதினி தலையை ஆட்டிக்கொண்டார். அன்றைக்கு அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டையும் வாங்கிப் பார்த்தேன். வால்வு எந்த ரகம், எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆவணி மாதம், தீபாவளி ஆர்டரில் ஊரே மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்த சமயம், அண்ணன் போன் செய்தார். மதினிக்கு மூச்சு வாங்குகிறது, காலையிலிருந்து வலது கை தூக்க வரவில்லை என்றார். கடைசியில் மெதுவாக, "ரெண்டு நாளா அவ நெஞ்சுல அந்தச் சத்தம் சரியாக் கேக்கல" என்றார். அந்தச் சத்தம் அடங்கினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உடனே மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். மதுரை போய்ச் சேரும்வரை, மதினி உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

வால்வில் ரத்தம் கட்டியிருந்தது. கட்டியிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போய்விட்டது. மாத்திரையை நிறுத்தினார்களா என்று டாக்டர் கேட்டார். ஒரு நாள்கூட நிறுத்தவில்லை என்று அண்ணன் சத்தியம் செய்தார். சீசனில் லீவு கிடைக்காததால் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் இரண்டு மாதமாக வரவில்லை. சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்று டாக்டர் அடுத்துக் கேட்டார்.

"முருங்கக்கீரைதான் சார், ரெண்டு வேளையும். மாத்திரையால ரத்தம் தண்ணியாயிரும்னு என் தங்கச்சி சொல்லுச்சு. தண்ணி ரத்தத்தை வச்சுக்கிட்டு எப்படிப் பாடுபடுறது, ரத்தம் ஊறட்டும்னு சாப்பிட்டா."

தங்கச்சி யார் என்று டாக்டர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். கீரையை அளவில்லாமல் சாப்பிட்டால் அந்த மாத்திரை வேலை செய்யாது. ஆபரேஷன் முடிந்தபோதே சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அந்த மயக்கத்தில் மதினிக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. நான் கையில் வாங்கிப் பார்த்த சீட்டிலும் இங்கிலீஷில் எழுதியிருந்தது. டாக்டர் என்னைத் திட்டவே இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கட்டியைக் கரைக்கிற மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பழையபடி டிக் டிக் என்று கேட்டது. அண்ணன் வராந்தாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மதினி பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கையில் விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கில் திரி செருகிய விரல்கள், ஒரு திரியைப் பிடித்து நிறுத்த முடியாமல் போய்விட்டன. கம்பெனி வேலை அத்தோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் நான் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல், ரத்தம் தண்ணியாகும் என்றால் என்ன என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா மதினி என்று அழுதேன். வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்.

"கேக்கணும்னுதான் இருந்துச்சு தாயி. மொதக் கேள்விக்கே அம்புட்டுச் சிரிப்பு சிரிச்சியா, அதான் பெறகு கேக்கல."

நான் பட்டம் வாங்கி, இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் யாராவது எழுந்து அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்டால் மற்ற பிள்ளைகள் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் மதினியின் அந்த வலது கை கண்ணில் வந்து நிற்கும், சிரிப்பே வராது.