லாபிர் சேர் கொண்டுவரும் காய்ச்சல்

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது கல்பிட்டி வீதியோரத்து அந்த ஊரில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். நுளம்பு கடித்து வருவதல்ல. லாபிர் சேரின் மோட்டார் சைக்கிளில் வருவது. அவர் வந்து, முற்றத்தில் போட்ட பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனால், ஞாயிற்றுக்கிழமை பரீட்சை அன்று அந்த வீட்டுப் பிள்ளை போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். திங்கட்கிழமை எழும்பி விளையாடப் போய்விடும். இவ்வளவு ஒழுங்காக நாள் பார்த்து வந்து, நாள் பார்த்துப் போகிற காய்ச்சலை எந்த டொக்டரும் கண்டிருக்க மாட்டார்.

காரணம் பெரிய இரகசியம் இல்லை. பரீட்சைக்கு வராத பிள்ளை தேர்ச்சி வீதத்தில் சேராது. எழுதுகிற பிள்ளைகள் எல்லாரும் எழுபது புள்ளிக்கு மேல் எடுத்தால் பாடசாலைக்கு நூறு வீதம். நூறு வீதம் என்றால் வாசலில் பெனர். பெனரின் நடுவில் அதிபர் ஸலாஹுதீன், அவருக்கு வலப்பக்கம் வகுப்பாசிரியர் லாபிர், இருவரையும் சுற்றி முத்திரை அளவில் பிள்ளைகள். வெளியூர் ஆள் யாராவது பார்த்தால், பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியது அந்த இரண்டு பெரிய மனிதர்களும்தான் என்று நினைத்துக்கொள்வார்.

லாபிர் சேருக்கு நாற்பத்தாறு வயது. உப்பளத்தில் கூலி வேலை செய்த வாப்பாவுக்கு மகனாகப் பிறந்து, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக அரசாங்கச் சம்பளம் வாங்கியவர். பதினெட்டு வருடமாக ஐந்தாம் வகுப்புத்தான். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. யாராவது இறந்தால் மையத்து வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார். நோன்பு காலத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கு அண்டா தூக்குவார். பிள்ளைகளை அடிக்கவே மாட்டார். வாசிக்கத் தெரியாத பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்வார், அவ்வளவுதான். பிள்ளை தடுமாறும், வகுப்பு சிரிக்கும். "அல்லாஹ் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொன்டு குடுத்திரிக்கான்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி உட்கார விடுவார். அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுத்திருக்கிறான் என்று தேடிப் பார்க்கும் வேலையை மட்டும் அவர் எடுத்துக்கொண்டதில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை.

இந்த வருடம் அவருடைய சொந்த மகள் ஷிம்லா ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள். அவருடைய வகுப்புக்கே வந்தாள்.

ஷிம்லாவுக்கு வாசிக்க வராது. வீட்டில் யாரும் இதை இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. கவனம் இல்லை என்றார்கள், செல்லம் கூடிப்போய்விட்டது என்றார்கள், கடைசியில் கண்ணாக இருக்கும் என்று சிலாபத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொன்னதும் லாபிர் சேரின் முகம் வாடிவிட்டது. ஒரு கண்ணாடியோடு காரியம் முடிந்துவிடும் என்று நம்பி வந்தவர் அவர். பிறகு பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வல்லாரைச் சம்பல் கொடுத்தார்கள். கிணற்றடியில் இருந்த வல்லாரை எல்லாம் மொட்டையானது, எழுத்து மட்டும் ஏறவில்லை. வல்லாரையைக் கண்டாலே பிள்ளைக்குக் குமட்டத் தொடங்கியதுதான் மிச்சம்.

வகுப்பில் வாசிப்பு வரிசையாக வரும். ஷிம்லாவின் முறை நெருங்கும்போது லாபிர் சேருக்கு ஏதாவது ஒன்று ஞாபகம் வரும். மணி அடித்துவிட்டதா என்று பார்க்க வெளியே போவார், அல்லது வரவுப் பதிவேட்டைத் தேடுவார். திரும்பி வந்து "எங்க விட்டம்? ஆ, அமானி" என்பார்.

அமானி ஷிம்லாவுக்குப் பக்கத்துக் கதிரை. கருவாடு காயவைக்கும் வாடியில் வேலை செய்யும் உம்மு குல்சூமின் இளைய மகள். அவளுக்கும் வாசிக்க வராது. ஆனால் அவளுடைய முறை வரும்போது சேருக்கு ஒன்றுமே ஞாபகம் வராது. அவள் எழும்பி நிற்பாள், எழுத்துகள் அவள் கண்முன்னால் இடம் மாறும், வகுப்பு சிரித்து முடியும்வரை நின்றுவிட்டு உட்காருவாள்.

பெப்ரவரியில் மதுரங்குளியிலிருந்து ஸும்றா டீச்சர் மாற்றலாகி வந்தார். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி எடுத்தவர். அதிபர் அவரை மிகவும் கௌரவமாக வரவேற்று, உடைந்த கதிரைகளும் விளையாட்டுப் போட்டிக் கொடிகளும் கிடந்த களஞ்சிய அறையைக் கொடுத்தார். "விசேட கல்விப் பிரிவு" என்று ஒரு பலகை அடித்து, அதன் முன்னால் நின்று படம் எடுத்து, பாடசாலையின் முகநூல் பக்கத்தில் போட்டார். மேசை, மின்விசிறி போன்ற சில்லறை விஷயங்கள் இன்ஷா அல்லாஹ் பிறகு வரும் என்றார்.

டீச்சர் மேசைக்குக் காத்திருக்கவில்லை. வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளைத் தனித்தனியே வாசிக்க வைத்துக் கேட்டார். இரண்டாவது வாரம் லாபிர் சேரிடம் வந்தார்.

"சேர், ஒங்கட வகுப்புல அமானிக்கும் ஷிம்லாவுக்கும் டிஸ்லெக்சியா இரிக்கிற மாதிரித் தெரியுது."

"எங்கட குடும்பத்துல அப்பிடி நோய் வருத்தம் ஒன்டும் இல்லயே டீச்சர்."

"வருத்தம் இல்ல சேர். எழுத்த மூள பிடிக்கிற விதம் வேற, அவ்வளவுதான். புத்திக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கெட்டிக்காரப் புள்ளயளுக்கும் இரிக்கும்."

லாபிர் சேர் கொஞ்சம் யோசித்தார். "அமானிக்கி இரிக்கலாம்" என்றார்.

ஸும்றா டீச்சர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கும் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போல. "ஒருநாள் வந்து பாருங்க சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

லாபிர் சேர் ஒரு மாதம் போகவில்லை. பிறகு ஒருநாள், கொடி எடுக்க வந்தவர் மாதிரி களஞ்சிய அறைக்குள் நுழைந்தார். உள்ளே இரண்டு பிள்ளைகளும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும்படி ஜன்னல் வெட்டி, அதைப் புத்தகத்தின் மேல் வைத்து, ஷிம்லா மெதுவாக ஒரு வசனத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் கடற்கரை மணல். அதில் அமானி விரலால் எழுத்தை எழுதி, வாயால் அதன் ஓசையைச் சொல்லி, அழித்து மறுபடி எழுதினாள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு டீச்சர் பழைய பரீட்சைத் தாள் ஒன்றை எடுத்து, கேள்விகளை உரக்க வாசித்துக் காட்டினார். காதால் கேட்டதும் இரண்டு பேரும் மளமளவென்று பதில் சொன்னார்கள். கடைசியில் ஒரு படக் கேள்வி. விரித்துப் போட்ட அட்டையை மடித்தால் வருவது எந்தப் பெட்டி? டீச்சர் வாசித்து முடிக்கவில்லை, அமானி மூன்றாவது என்றாள். லாபிர் சேர் தாளை வாங்கிப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார், தாளைத் திருப்பிப் பார்த்தார், கையால் காற்றில் மடித்துப் பார்த்தார். "ரெண்டாவது" என்று தீர்ப்புச் சொன்னார். விடைப் பட்டியலில் மூன்றாவது என்று இருந்தது.

"அச்சுப்பிழையா இரிக்கும்" என்றார் லாபிர் சேர்.

அமானி மூலையில் கிடந்த அட்டைத் துண்டை எடுத்து, நாலு மடிப்பு மடித்து, பெட்டியாக்கி அவர் கையில் கொடுத்தாள். மூன்றாவதுதான். ஷிம்லா வாப்பாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாடசாலைக்கு வந்த ஐந்து வருடத்தில் அவள் புத்தகத்துக்கு முன்னால் இருந்து சிரித்ததை அவர் பார்த்ததேயில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதார். இத்தனை நாளும் சோம்பேறி என்று ஏசிய மகளை நினைத்து அழுதார். அது உண்மையான அழுகை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் அழுதார் என்பதைத் தவிர.

மார்ச் முடிவில் ஸும்றா டீச்சர் இரண்டு விண்ணப்பங்கள் கொண்டுவந்தார். இப்படியான பிள்ளைகளுக்குப் பரீட்சையில் கேள்வியை வாசித்துக் காட்ட ஓர் ஆளும், கூடுதல் நேரமும் கேட்கலாம். வகுப்பாசிரியரும் அதிபரும் கையெழுத்து வைத்து, டொக்டரின் சான்றிதழோடு குறித்த தவணைக்குள் அனுப்ப வேண்டும்.

"அமானிட வீட்டுக்கு நான் போய் வெளங்கப்படுத்தவா சேர்?"

"நீங்க ஏன் இந்த நேரத்துல அலையிறீங்க டீச்சர்? அந்த வீடெல்லாம் எனக்குப் பழக்கந்தானே" என்றார் லாபிர் சேர். டீச்சருக்கு அப்போது ஏழாவது மாதம்.

அதிபர் ஸலாஹுதீன் முதல் விண்ணப்பத்தில் யோசிக்காமல் கையெழுத்து வைத்தார். இரண்டாவதைக் கையில் எடுத்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒங்கட மகள் என்டா வெளங்குது. ஒரு வாத்தியார்ட புள்ள, ஒதவி கிடைச்சா எழுவது தாண்டும். மற்றதுக்கு என்ன உத்தரவாதம்? வாசிச்சிக் காட்டியும் எழுவது வராட்டி நூறு வீதம் போயிரும் லாபிர். நாலு வருஷமாப் பிடிச்சி வெச்சிரிக்கிற நூறு வீதம்."

லாபிர் சேர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அட்டைப் பெட்டிக் கதையைச் சொல்லியிருக்கலாம். அவர் அமானியின் விண்ணப்பத்தை அழகாக இரண்டாக மடித்து, கிழிக்காமல், தன் மேசை லாச்சியில் வைத்தார். கிழித்தால் பாவம் அல்லவா? ஏப்ரலில் ஸும்றா டீச்சர் பிரசவ லீவில் போகும்போது "ரெண்டும் போயிட்டா சேர்?" என்று கேட்டார். எல்லாம் போய்விட்டது என்றார் லாபிர் சேர்.

பரீட்சை நெருங்கியது. அதற்கு முந்திய வியாழக்கிழமை அதிபர் கூப்பிட்டு, "இந்த முற ஒரே ஒரு வீடுதான். லேசு" என்றார்.

உம்மு குல்சூமின் முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. மூத்த மகள் ஆதிலா பாயில் இருந்து மீன் கீறிக்கொண்டிருந்தாள். அமானி வாங்கி உப்புப் போட்டாள். சேரைக் கண்டதும் உம்மு குல்சூம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஓடி, இருந்த ஒரே நல்ல கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். தேத்தண்ணியும் வந்தது. லாபிர் சேர் வழக்கமான பேச்சைத் தொடங்கினார். பல வருடப் பழக்கம், நாக்குத் தானாகவே போனது.

"புள்ளட மனசு ஒடஞ்சி போயிரும். நாங்க பெரியாக்கள்தானே யோசிக்கோணும். ஞாயித்துக்கிழம புள்ளக்கிக் காய்ச்சல் என்டு வெச்சிக்கங்க. நான் அதிபர்ட்டச் சொல்லிக்கிறன்."

"நீங்க சொன்னாச் சரி சேர். படிச்ச நீங்க புள்ளக்கி நல்லதத்தானே சொல்லுவீங்க" என்றாள் உம்மு குல்சூம்.

அமானி உப்புக் கையோடு நிமிர்ந்தாள்.

"சேர், ஷிம்லாக்கும் காய்ச்சலா?"

லாபிர் சேரின் கோப்பை வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது. எத்தனையோ முற்றங்களில் இந்தப் பேச்சைப் பேசியிருக்கிறார், நடுவில் யாரும் கேள்வி கேட்டதில்லை.

"இல்ல மகள்."

"அவக்கும் வாசிக்க ஏலாதே. அவட மொற வந்தா நீங்க வெளிய போயிருவீங்க. எனக்குத் தெரியும்."

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் போனது. பொய் சொல்ல வாயைத் திறந்தார், அன்றைக்கென்று ஒரு பொய்யும் வரவில்லை.

"அவக்கு கேள்விய வாசிச்சிக் காட்ட ஒராள் வருவாங்க. நேரமும் கூடக் குடுப்பாங்க."

"எனக்கு?"

"ஒனக்கும் கேக்க இரிந்திச்சி. ஸும்றா டீச்சர் விண்ணப்பம் கொண்டந்து தந்தாங்க. நான் அனுப்பல்ல." கோப்பையைப் பார்த்தபடி சொன்னார். "எங்கட வீதம் கொறஞ்சிரும் என்டு அனுப்பல்ல. இனி அனுப்பவும் ஏலா. தவண முடிஞ்சி."

ஆதிலாவின் கத்தி நின்றுவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் அவளும் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். அவளும் எழும்பி நின்று சிரிப்பு வாங்கினாள். இதே முற்றத்துக்கு இதே சேர் வந்து போன பிறகு, அவளுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தது. அடுத்த வருடம் அவள் பாடசாலையையே விட்டுவிட்டாள்.

உம்மு குல்சூம் மூத்தவளைப் பார்த்தாள். பிறகு சேரைப் பார்த்தாள்.

"இவளுக்கும் அப்பிடி ஒராள் வந்து வாசிச்சிக் காட்டியிருப்பாங்களா சேர்?"

லாபிர் சேருக்கு இதற்கும் பதில் தெரிந்திருந்தது.

"ஓம்" என்றார்.

ஆதிலா தலையைக் குனிந்து மறுபடி மீனைக் கீறத் தொடங்கினாள்.

"ஞாயித்துக்கிழம புள்ள வருவா" என்றாள் உம்மு குல்சூம். "வாசிச்சிக் காட்ட ஆளில்லாட்டியும் வருவா. உண்மையாவே காய்ச்சல் அடிச்சாலும் நான் தூக்கிட்டு வருவன். ஒங்கட வீதத்த நீங்க பாத்துக்கங்க."

அவள் கிட்ட வந்து, பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.