முந்திச் சொல்லிவிட்ட சாட்சி

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும் சபையாருக்கும் மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன். அப்பாவை நீங்கள் எல்லோரும் மன்னிக்கத் தெரிந்த மனிதர் என்றே அறிவீர்கள். அந்தப் பெயர் அப்பாவை எவ்வளவு நெருக்கியது என்பது எங்கள் வீட்டுக்குத்தான் தெரியும். இதை எழுதலாமா என்று தயங்கினேன். கடைசியில் அப்பாவே வாய்விட்டுச் சொன்னதுதானே, எழுதிவிடுகிறேன்.

அப்பா பிறந்தது கோம்பையில். சின்ன வயதில் தகப்பனை இழந்து, மார்க்கையன்கோட்டைப் பக்கம் வந்து, தம்பியான எங்கள் சித்தப்பாவையும் ஆளாக்கி, இருவருமாகத் திராட்சை போட்டார்கள். தோட்டம் தனித்தனி, கிணறு பொது, தண்ணீர் முறை வைத்துப் பாயும். ஒரு கோடையில், காய் பிடித்த நேரத்தில், அப்பாவின் முறையன்று சித்தப்பா தண்ணீரைத் தன் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டார். அப்பாவின் பந்தல் காய்ந்துபோனது. பேச்சும் நின்றது.

அப்பா சபையில் வேதபாடம் நடத்துகிறவர்கள். ஜெபிக்க நிற்கும்போது யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் மன்னிக்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்ததை ஒருநாள் விளக்கும்போது, பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அடுத்த உபவாசக் கூட்டத்தில் எழுந்து, தம்பியை மன்னித்துவிட்டதாகச் சாட்சி சொன்னார்கள். வாயால் சொன்னால் மனமும் பின்னாலேயே வந்துவிடும் என்று நம்பியிருக்கிறார்கள். வரவில்லை.

சபை கைதட்டியது. வெளியூர்ப் பிரசங்கிகள்கூட அப்பாவை உதாரணம் காட்டினார்கள். சித்தப்பா அதே சபையில் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். அப்பாவால் மன்னிக்கவும் முடியவில்லை, மன்னிக்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்தில் மனத்தாங்கலோடு கைநீட்டக் கூடாது என்பதால், அந்த ஞாயிறு வந்தால் மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

"மத்த நாளெல்லாம் சும்மா கெடக்குற கொடிக்குத் திருவிருந்து அன்னைக்குத்தேன் மருந்து கேக்குதாக்கும்" என்று அம்மா குத்திக்காட்டுவார்கள்.

பக்கவாதம் வந்து படுத்த பின் ஓடி ஒளியத் தோட்டமும் இல்லை. போதகர் வீட்டுக்கே அப்பமும் ரசமும் கொண்டுவந்தார். அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார்கள். பிறகு குழறலாக, "ஐயா, நான் சொன்ன சாட்சி பொய்யி. தம்பிய வரச் சொல்லுங்க" என்றார்கள்.

சித்தப்பா வந்து கட்டிலோரம் நின்றார்.

"ஏலே, நான் ஒன்னைய மன்னிக்கல. இப்பவும் மனசு வர மாட்டேங்குது. என்ன செய்யன்னு தெரியல."

"தெரியும்ணே" என்றார் சித்தப்பா. "மன்னிப்புக் கேக்கத்தேன் அன்னைக்குக் கூட்டத்துக்கு வந்தேன். அதுக்குள்ள நீ எந்திரிச்சு மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்ட. அதுக்கப்புறம் நான் என்னத்தக் கேக்க? ஒனக்கு மனசு வர்ற வரைக்கும் இங்கனயே இருக்கேன்."

அன்று அப்பம் வேண்டாம் என்று அப்பா போதகரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா மட்டும் தங்கிவிட்டார். குளிப்பாட்டியது, புரட்டிப் படுக்கவைத்தது, கஞ்சி ஊட்டியது எல்லாம் அவர்தான். அண்ணனும் தம்பியும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அப்பாவுக்காக ஜெபித்த சபையாருக்கும், ஆஸ்பத்திரிக்கு அலைந்த அக்கம்பக்கத்தாருக்கும், பொறுமையோடு வந்துபோன போதகருக்கும் எங்கள் நன்றி. சித்தப்பாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

மன்னித்தேன் என்ற சொல் அப்பாவின் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை. ஆனால் சாவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போதகர் மறுபடியும் வந்து அப்பத்தை நீட்டியபோது, அப்பா முகத்தைத் திருப்பி அறை முழுக்கத் தேடினார்கள்.

"தம்பி எங்க? அவனும் வரட்டும்."