ஆபீசுக்கு இடம் பார்த்த கதை: கண்டியா, கட்டுகஸ்தோட்டையா?

பாலத்தில் நின்ற வேன்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் நடுவில் எங்கள் கம்பனி வேன் அசையாமல் நின்றது. பள்ளிக்கூடம் விடும் நேரம், கண்டிப் பக்கம் முழுக்க நெரிசல். முன்சீட்டில் முதலாளி ஹாஜியார். ஓட்டியவர் சோமபால. பின்சீட்டில் நான், மடியில் அளவு நாடாவும் ஃபைலும். ஹந்தானைப் பாதையில் உள்ள எங்கள் வீட்டில் என் கைக்குழந்தை பசியில் அழுதுகொண்டிருப்பாள். அதை நினைத்த மாத்திரத்தில் பால் சுரந்து ரவிக்கை நனைய ஆரம்பித்துவிட்டது. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஹாஜியார் கேட்க வேண்டும்? "அப்ப செல்லுங்க புள்ள. டவுனா, கட்டுகஸ்தோட்டையா?"

ஆபீஸ் நிர்வாகம் என்றால் என்ன என்று இப்போது புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. கதிரை, மேசை, கரண்ட் பில் எல்லாம் பிறகு. முதலில் இந்தக் கதையைக் கேளுங்கள் என்பேன்.

இரண்டு இடங்கள்

தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய ஸ்பெயார் பார்ட்ஸ் விற்கும் கம்பனி எங்களுடையது. பெல்ட், பேரிங், பல்சக்கரம் என்று எல்லாமே கனத்த சாமான். கண்டியில் நாங்கள் இருந்த பழைய கட்டிடத்தை அதன் சொந்தக்காரர் இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். புது இடம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கைக்கு எட்டியது இரண்டு இடம். ஒன்று கண்டி டவுனில், பெரிய தெருவைப் பார்த்த மாடி. பக்கத்திலேயே பேங்க், குட்ஷெட் பஸ் நிலையம், எல்லாம். மற்றது கட்டுகஸ்தோட்டையில், ஆற்றுக்குப் பக்கத்தில் கீழ்த்தளமும் முற்றமும் உள்ள கட்டிடம். அதன் பின்னறை ஜன்னலைத் திறந்தால் மகாவலி.

ஹாஜியாரின் மனது டவுனில் கிடந்தது. அவருடைய தகப்பனார் அதே தெருவில் சாக்கை விரித்துச் சீப்பும் கண்ணாடியும் விற்றவர். அன்று காலை அந்த மாடி ஜன்னலில் நின்று கீழே பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வாப்பா குந்தி ஈந்த எடம் அந்தா தெரியுது புள்ள. இங்க ஏன்ட போர்ட் ஒண்டு தொங்கோணும்" என்றார்.

எனக்கும் டவுன்தான் வேண்டும், அவரைவிடப் பத்து மடங்கு வேண்டும். பிரசவ லீவு முடிந்து வந்த புதிது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டு ஹந்தானைப் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். போத்தலை வாயில் வைத்தாலே துப்பிவிடுவாள் அந்தக் கழுதை. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா, "இவ ஒங்க ஆபீசுக்கே மேனேஜர் மாதிரில்ல அடம் புடிக்கிறா" என்று சிரிப்பார். ஆபீஸ் கட்டுகஸ்தோட்டைக்குப் போனால் நடுவில் கண்டி டவுன் முழுவதும் கிடக்கிறது. மதியத்தில் போய் வரவே முடியாது. வேலையை விட வேண்டியதுதான்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து ஆபீஸ் கதிரையில் உட்கார்ந்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அந்தக் கதிரை எனக்கு உயிர்.

பதில்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். முதலாளி விரும்பியதும் அதுதான், எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் காலையில் அந்த மாடிப்படியில் ஏறும்போதே என் மனம் கணக்குப் போட்டுவிட்டதே, என்ன செய்ய?

"டவுன் வேணாங்க ஹாஜியார்" என்றேன். "பேரிங் பெட்டிய யாரு அந்தப் படியில தூக்குறது? லொறி நிக்க எடமில்ல. பெரஹரா ஊர்வலம் வந்தா பாதைய மூடிருவாங்க. நம்ம ஆளுங்க முதுகு ஒடஞ்சிரும். கட்டுகஸ்தோட்டதான் சரி."

"எனக்கு வெளங்காமயா ஈக்கி?" அவர் குரலில் கோபம். "ஆனா அங்க பேங்க் தூரம், பஸ் தூரம். ஒங்களுக்கும் டவுன்தானே லேசு?"

"என்னய விடுங்க. கம்பனிக்கு எது நல்லதுன்னுதானே கேட்டீங்க?"

ஹாஜியார் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஐந்து பெண்பிள்ளைகளைப் பெற்றவர். ஃபைலை நான் பிடித்திருந்த விதத்திலேயே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டு, தன் தோளில் கிடந்த சால்வையைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார். "குளிரா ஈக்கும். போத்திக்கோங்க" என்றார்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பிறகு சோமபாலவிடம், "ஆபீசுக்கு வேணாம். நேரா ஹந்தானப் பாதைக்கு உடுங்க" என்றார். எங்கள் வீட்டுக்கு ஏறும் ஒழுங்கைக்குக் கீழே வேனை நிறுத்தி, நான் பிள்ளைக்குப் பால் கொடுத்து வரும்வரை காத்திருந்தார்.

வீட்டில் அன்று நல்ல பூசை. "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையா ஒனக்கு? நம்ம சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுட்டியேடி" என்றார் என் வீட்டுக்காரர். பேக்கரியில் அடுப்பு வேலை அவருக்கு. "பொய் சொல்லிட்டு அந்தப் படியில தெனமும் எப்பிடிங்க ஏறுவேன்?" என்று நானும் கத்தினேன். அப்புறம் இரண்டு பேரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

சாமான் ஏற்றிய நாள்

ஹாஜியார் கட்டுகஸ்தோட்டையைத்தான் எடுத்தார். நான் சாமான் கட்டி முடிக்கும்வரை இருந்துவிட்டு விலகிக்கொள்வதாகச் சொன்னேன். "பாப்பம், பாப்பம்" என்றாரே தவிர முகம் கொடுக்கவில்லை. எனக்கு மனசு விட்டுப்போனது.

சாமான் ஏற்றும் நாள் காலை, வீட்டிலிருந்து புறப்படக் குடையை எடுத்தேன். கீழே லொறி ஹார்ன் அடித்தது. எட்டிப் பார்த்தால் லொறியில் எங்கள் ஆபீஸ் அலுமாரிகள்! அவற்றுக்கு முன்னால் ஹாஜியார் நின்றுகொண்டிருந்தார்.

"தொட்டில் எங்க புள்ள?"

"எந்தத் தொட்டில்?"

"அடடா, ஏன்ட தொட்டிலா? ஒங்கட மகள்ட தொட்டில்தான். சோமே, மேல வீட்டுக்கு ஏறி அத எறக்குங்க."

பார்வதி அக்கா விசேஷத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கியபடி வாசலுக்கு வந்தார். "முந்தாநாளே வந்து பேசிட்டாரு. அங்கயே புள்ளயப் பாத்துக்க எனக்கும் சம்பளமாம். ஒங்கிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு" என்றார். பாவி அக்கா, இரண்டு நாளாக நான் அழுததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

அலுமாரிகளுக்கு மேலே தொட்டில், லொறியின் முன்சீட்டில் என் மகள். அப்படித்தான் எங்கள் கம்பனி மகாவலியைத் தாண்டியது.

ஆற்றைப் பார்த்த அந்தப் பின்னறையைத் தன் அறை என்றுதான் ஹாஜியார் முதலில் வைத்திருந்தார். அதில் தொட்டில் ஏறியது. அவருடைய மேசை முன்னால், லொறிச் சத்தத்துக்கும் தூசுக்கும் நடுவில். "ஐயோ, நீங்க போயி இங்கயா?" என்று பதறினேன். "வாப்பா தெருவப் பாத்துத்தானே யாவாரம் செஞ்சாரு. நானும் தெருவப் பாத்துக் குந்தி ஈக்கிறேன், விடுங்க" என்றார்.

என் மகளுக்குப் பிறகும் அந்த அறை சும்மா இருக்கவில்லை. ஸ்டோர்ஸில் வேலை செய்த பெண்களின் பிள்ளைகளும் அங்கேதான் வளர்ந்தார்கள்.

நீங்கள் ஒரு நாள் ஆபீசுக்கு இடம் பார்க்கப் போவீர்கள். வாடகையைப் பாருங்கள், பாதையைப் பாருங்கள், லொறி திரும்புமா என்று பாருங்கள். கம்பனிக்கு எது நல்லதோ அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் முடிவெடுக்கும் கதிரையில் நீங்களே உட்கார்ந்தால், அந்த இடத்தால் யாருடைய வயிறு காயும் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். எனக்காக ஒருவர் பார்த்தார். அதனால்தான் அந்தக் கதிரையிலேயே பென்ஷன் வயது வரைக்கும் இருந்தேன்.

புது ஆபீசுக்குப் போன முதல் வாரம், தோட்டத்துத் தொழிற்சாலை ஒன்றின் மேலாளர் பெல்ட் வாங்க வந்திருந்தார். பின்னறையிலிருந்து என் மகள் வீரிட்டாள். அவர் திடுக்கிட்டு, "என்ன ஹாஜியார், உள்ள புது மெசின் ஏதும் ஓடுதா?" என்று கேட்டார்.

ஹாஜியார் பில் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார்: "ஓ. அதுக்கு ஸ்பெயார் பார்ட் எங்கயும் கெடைக்காது. அதான் பக்கத்திலேயே வெச்சி ஈக்கி."