இத்தா என்று எழுதிவிட்டு வந்தேன்

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்கள் இருக்கும். கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள ஊர் ஒன்றில் நடந்தது. நான் அங்கே குடும்பநல உத்தியோகத்தர். அப்படிச் சொன்னால் பாதிப் பேருக்கு விளங்காது. "மிட்வைஃப் மிஸ்" என்றால் சின்னப் பிள்ளையும் என் வீட்டைக் காட்டும். பக்கத்துப் பிரிவில் இருந்தவர் மாற்றலாகிப் போனார். அவருடைய இடத்துக்கு ஆள் வரவில்லை. அதனால் அந்தப் பிரிவும் என் தலையில் விழுந்தது. எனக்கும் முழங்கால் வலி உண்டு. ஆனால் மிட்வைஃப் மிஸ்ஸுக்கு வருத்தம் வரும் என்று ஊரில் யாரும் நம்புவதில்லை.

அந்த ஊரில் எங்கள் சுகாதார அலுவலகமும் பள்ளிவாசலும் சேர்ந்து மாதம் ஒரு கிளினிக் நடத்தத் தொடங்கியிருந்தோம். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க நேரமில்லாத, துணைக்கு ஆளில்லாத பெண்களுக்காகத்தான் அது. பள்ளிவாசலை ஒட்டிய மதரசா மண்டபத்தில் இரத்தத்தில் சீனியும் பிரஷரும் பார்ப்போம். பள்ளிக்காரர்கள் கதிரை, மின்விசிறி, தேநீர் எல்லாம் தந்து, ஒலிபெருக்கியிலும் அறிவித்தார்கள். நான் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுத வேண்டும். வராதவர்களுக்கு, ஏன் வரவில்லை என்று எழுத ஒரு கட்டம் இருந்தது.

அப்படிப் போன ஒரு வெயில் நாளில்தான் தெரு மூலையில் இருந்த அந்த ராத்தாவின் வீட்டுக்குப் போனேன்; மூத்த பெண்களை அக்கா என்பதுபோல நாங்கள் ராத்தா என்போம். பட்டியலில் அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய், என்று இருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டேன். கதவுத் திரையை விலக்கி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முகம் வாடிப் போயிருந்தது.

"இத்தாவில இரிக்கன் மிஸ். அவர் மௌத்தாகி மூணு கிழம."

கணவர் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பதுதான் இத்தா. நானும் முஸ்லிம் பெண்தான். என் உம்மா இத்தா இருந்ததை அருகில் இருந்து பார்த்தவள். அதனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கேட்பதே மரியாதையில்லை என்று நினைத்தேன். "அப்ப இரிங்க ராத்தா, முடிஞ்சாப் பொறகு கிளினிக்குக்கு வாங்க" என்றேன். அவரும் "ஓம் மிஸ்" என்றார். கட்டத்தில் "இத்தா" என்று எழுதினேன். அடுத்த மாதம் அந்தப் பெயர் வந்தபோது போய்ப் பார்க்காமலே மறுபடியும் "இத்தா" என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால், போக வேண்டிய வீடுகளில் ஒன்று குறைந்ததே என்று நிம்மதியாகவும் இருந்தது.

மூன்றாவது கிளினிக் நாள். மத்தியானம் தாண்டிவிட்டது. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாய வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அப்போது வெளி கேற்றடியில் ஒரு பெண் தயங்கித் தயங்கி நின்றார். கடற்கரைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். தலையில் மீன் சுமந்து எங்கள் தெருக்களில் விற்பவர். பள்ளிவாசல் வளவுக்குள் மீன் பேசின் பாத்திரத்தோடு வரக் கூச்சப்பட்டு, அதை வெளியே இறக்கி வைத்துவிட்டு என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"மிஸ், அந்த மூலை வீட்டு அம்மாட காலை ஒருக்கா வந்து பாருங்க. சீலையால சுத்தி வெச்சிருக்கா. ஈ மொய்க்குது."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "அவ இத்தாவில இரிக்கா. வாற கிழம பாப்பம்" என்றேன்.

அவர் போகவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மிஸ், நான் மீன் விக்கிறவள். எனக்கே நாத்தம் தெரியுதெண்டா பார்த்துக்கொள்ளுங்க. நீங்க வராட்டி நான் ஓட்டோ ஒண்டைப் பிடிச்சு அவவ ஏத்தப் போறன்."

எனக்குச் சுருக்கென்றது. பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ராத்தா குசினிக்குள், அடுப்படியில், பலகையில் இருந்தார். சீலையை அவிழ்த்தேன். வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன. சிவப்பும் வீக்கமும் பாதத்தின் மேலே ஏறிக்கொண்டிருந்தன. அன்றைக்கே கொண்டு போகாவிட்டால் கால் மிஞ்சாது என்று எனக்கு விளங்கியது. சீனியைப் பார்த்தேன். அந்த எண்ணைச் சொல்ல இப்போதும் விருப்பமில்லை.

"குளிசை போடுறல்லியா ராத்தா?"

"முடிஞ்சு போச்சு மிஸ். அவர்தானே எடுத்துத் தாறவர்."

அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருடமும் கணவர்தான் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு விடியச் சுபஹு தொழுத கையோடு போய் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று குளிசை வாங்கி வந்திருக்கிறார். அவர் போன பிறகு வீட்டில் இருந்த குளிசை சில நாட்களில் தீர்ந்துவிட்டது. ஒரே மகன் கட்டாரில். அரிசி, வெங்காயம் என்றால் அயலவர்கள் கேட்காமலே வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் எனக்காக அரை நாள் வரிசையில் நில்லுங்கள் என்று யாரிடம் கேட்பது? கேட்க வெட்கப்பட்டு, இத்தா முடிந்ததும் தானே போய் எடுக்கலாம் என்று நாளை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். அதற்கிடையில் சீனியால் மரத்துப்போன காலில் ஏதோ குத்தி, அது தெரியாமலே புண்ணாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். "நாள் முடியல்ல மிஸ். அவருக்கு நான் செய்யிற கடைசிக் கடமை. இத முறிச்சுப் போட்டு எந்த முகத்தோட இரிக்கிற?" என்று அழுதார். நானும் மீன்காரப் பெண்ணும் மாறி மாறிக் கெஞ்சினோம். அசையவில்லை.

கடைசியில் பள்ளிவாசல் மௌலவிக்குப் போன் எடுத்தேன். சோறு தின்ற கையைக் கழுவிய ஈரத்தோடு வந்தார் மனிசன். முற்றத்தில் நின்று, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"ராத்தா, வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போறது இத்தாவ முறிக்காது. போகாம இரிக்கிறதுதான் பிழை. என்ட வீட்டுக்காரி உங்களோட வருவா."

 பிறகு ராத்தா மெதுவாக, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். மௌலவியின் மனைவி வந்தார். ஓட்டோவின் இரண்டு பக்கமும் படுக்கை விரிப்பைக் கட்டிவிட்டு ஏற்றினோம். மீன்காரப் பெண்ணின் பேசினில் மீன் அப்படியே வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்று டொக்டர் சொன்னதை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

அடுத்த கிழமை மௌலவி என்னைக் கண்டார். "மிஸ், ஒரு வார்த்த என்னட்டக் கேட்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பனே" என்றார். எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஜனாஸா உங்கட பள்ளியாலதானே போன. அந்த வீட்டுல சீனி வருத்தக்காரி இரிக்கா எண்டு நீங்களும் ஒரு வார்த்த சொல்லல்லியே மௌலவி" என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். "ஓம். நாங்களும்தான்" என்றார். அதற்குப் பிறகு சண்டையை விட்டுவிட்டு, இனி என்ன செய்வது என்று இருவரும் கதைத்தோம்.

இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒருவரின் ஜனாஸாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள், பள்ளிவாசலிலிருந்து எனக்குச் செய்தி வரும். இத்தா இருப்பவர் என்ன குளிசை போடுகிறார், யார் எடுத்துக் கொடுப்பது என்று நான் போய்க் கேட்பேன். ஆள் இல்லாவிட்டால் கொப்பியைக் கொண்டு போக ஒருவரைப் பள்ளிக்காரர்களே ஒழுங்கு செய்வார்கள். எனக்கு நேரம் கிடைக்காத, மௌலவி போக முடியாத குசினிகளுக்கெல்லாம் போகிறவர் மீன்காரப் பெண். "மீனும் விக்கணும், கண்ட கண்ட காலையும் பாக்கணுமோ மிஸ்?" என்று என்னை ஏசுவார். ஆனாலும் பார்த்து வந்து சொல்லாமல் விட்டதில்லை. எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். செய்தி பிந்தும். குளிசை இல்லாத மாதமும் வரும். மற்றப் பிரிவுக்கு இன்னும் ஆள் வரவில்லை.

ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, புண்ணுக்கு மருந்து கட்ட நான் போன ஒரு நாள் அவர் தானாகவே கதைத்தார். "மொத மொத வந்த அண்டைக்கு நீங்க திரும்பின உடன குளிசைக் கதையைச் சொல்லுவமா எண்டு கதவடியில நிண்டு யோசிச்சன் மிஸ். உங்கட முகத்தப் பாத்தன். அலுத்துப் போய் இரிந்தீங்க. பாவம் எண்டு உட்டுட்டன்."

என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் களைப்புக்கு இரக்கப்பட்டு ஒரு நோயாளி வாயை மூடிக்கொண்டார் என்பதையும், அதற்குப் போனது அவருடைய இரண்டு விரல்கள் என்பதையும் நினைத்தால், இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காத நாட்கள் உண்டு.